ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி: விடாத மண்டையிடியோடு மனதையும் திட்டங்களையும் காப்பாற்றுவது எப்படி

சனிக்கிழமை இரவு, பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் வாரச் சம்பளக் கவரைப் பிரித்துக் கொடுத்து, கணக்கை நேர் செய்துவிட்டுத் திருப்பூரில் பஸ் ஏறும்போது என் தலை தெளிவாகத்தான் இருக்கும். மறுநாள் ஞாயிறு. வாரத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே நாள். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்த எம்.காம். புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் படுப்பேன். விடியும்போது வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு துடிப்பு தொடங்கியிருக்கும். பத்து மணிக்குள் புத்தகமும் மூடியிருக்கும், ஜன்னலும் மூடியிருக்கும். அவிநாசிப் பக்கம் எங்கள் ஊரில் ஞாயிறு என்றால் தெருவெல்லாம் கறிக்குழம்பு வாசம் வரும். அந்த வாசம் வந்தாலே வாளியைத் தேடுவேன்.

6 ஆண்டுகள் இப்படிப் போயின. 2 ஆண்டுப் படிப்பில் அதற்குள் நான் எழுதி முடித்தது 4 தாள். பழியை முழுக்கத் தலைவலிமேல் போட்டுவிட்டுத்தான் இருந்தேன். பிறகு ஒரு டாக்டர் சொன்னார் என்று காலண்டரில் குறிக்க ஆரம்பித்தபோது வேறொரு கணக்கு தெரிந்தது. வலி பறித்துக்கொண்ட ஞாயிறுகளைவிட, வலி வந்துவிடுமோ என்று நானே புத்தகத்தைத் தொடாமல் விட்ட ஞாயிறுகள் அதிகம். ‘இது சரியாகட்டும், அப்புறம் உட்காரலாம்’ என்ற ஒரு வாக்கியம் தலைவலியைவிட அதிக நாட்களைத் தின்றிருந்தது.

எனவே இந்த வழிகாட்டி தலைவலியை ஒழிக்கும் வழியைச் சொல்லாது. தலைவலி இருக்கும்போதே மனதையும் எடுத்த காரியத்தையும் எப்படிக் கொண்டுசெலுத்துவது என்பதுதான் இதில் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. மருந்து பற்றி இங்கே வருவதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்பதற்கான கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆபத்தான தலைவலியை முதலில் பிரித்துவிடுங்கள்

இடி விழுந்ததுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, வலிப்பு, வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு வருவது: இவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். தைலம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கிய தலைவலி, இருமினாலும் முக்கினாலும் கூடும் தலைவலி, கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வந்தது, பார்வை மங்கலோடு வாராவாரம் கூடிக்கொண்டே போவது ஆகியவற்றையும் தாமதிக்காமல் காட்டிவிட வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி வந்து போகும் தலைவலிக்குத்தான் இனி வரும் படிகள்.

படி 2: தலைவலிக்குச் சரியான பெயரைக் கண்டுபிடியுங்கள்

எங்கள் வீட்டில் தலைவலிக்குப் பெயர்களுக்குக் குறைவே இல்லை. தலைக்கு ஊற்றிவிட்டு ஈரத்தோடு இருந்தால் நீர் கோத்துக்கொண்டது. குமட்டினால் பித்தம். புதுச் சேலை கட்டிய மறுநாள் வந்தால் கண்ணேறு. அமுச்சி (அம்மாவின் அம்மா) சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போடுவார். பத்து இதமாக இருக்கும், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பெயர் தப்பினால் வைத்தியமும் தப்பிவிடும் என்பதுதான் சிக்கல்.

நான் 3 ஆண்டுகள் என்னுடையதைச் சைனஸ் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வலிக்கும்போது மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வழியும். வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் ஒற்றைத் தலைவலியிலும் இவை வரும். முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தருகிற முப்பெருநரம்பு கிளர்ந்தெழும்போது மூக்கும் கண்ணும் சேர்ந்தே கசியும். சைனஸ் தலைவலி என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் இருப்பது ஒற்றைத் தலைவலிதான்.

பெயரில் ‘ஒற்றை’ இருப்பதால் ஒரு பக்கம்தான் வலிக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு பக்கமும் வலிக்கலாம். துடிப்பு, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, படியேறினால் கூடுவது, மருந்தில்லாமல் விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். உலகில் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணெதிரே மின்னும் கோணல் கோடுகள் வந்து ஒரு மணி நேரத்துக்குள் மறையும். இந்தக் கோடுகள் வரும் பெண்கள் கருத்தடை மாத்திரை கேட்கப் போகும்போது அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியதுபோல இருந்து, குமட்டல் இல்லாமல், எழுந்து நடந்தாலும் கூடாமல் இருந்தால் அது இறுக்கத் தலைவலி. ஓவர்லாக் மெஷினிலும் செக்கிங் மேசையிலும் நாள் முழுவதும் கழுத்தைக் குனிந்தே வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதில் ‘நாள்பட்ட’ என்ற சொல்லுக்கு ஓர் அளவு இருக்கிறது. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேலாகத் தலைவலி இருந்து, அவற்றில் 8 நாட்களாவது ஒற்றைத் தலைவலியின் குணங்களோடு இருந்தால் அது நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. இந்த 15 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், படி 4-இல் தேவைப்படும்.

படி 3: காலண்டரில் எழுதுங்கள்

செல்போனில் செயலிகள் இருக்கின்றன. தலை வலிக்கும்போது செல்போன் வெளிச்சத்தைப் பார்க்க யாரால் முடியும்? நகைக்கடையோ அரிசி மண்டியோ கொடுத்த மாதக் காலண்டர் போதும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள், ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் நான் நான்கே விஷயம் எழுதுகிறேன். காலை டீ குடிக்கும்போது மனநிலைக்கு 10-க்கு ஒரு மதிப்பெண். தலை வலித்தால் ஒரு புள்ளி, வேலையை விட்டுவிட்டுப் படுத்தால் புள்ளியைச் சுற்றி வட்டம். மாத்திரை போட்டால் ‘மா’. நான்காவதுதான் நானே சேர்த்துக்கொண்டது: என் படிப்பைத் தொட்ட நாளில் ஒரு ‘டிக்’, வலி இல்லாமலே பயத்தில் தொடாமல் விட்ட நாளில் ஒரு ‘ப’. பெண்கள் மாதவிடாய் நாட்களையும் குறித்துக்கொண்டால் டாக்டருக்கு உதவும். மனநிலை மதிப்பெண்ணைக் காலையிலேயே எழுதிவிட வேண்டும். மாலையில் வலியோடு எழுதினால் அந்த நாளே மோசம் என்றுதான் கை எழுதும்.

இரண்டு மாதம் எழுதியபின் எனக்குத் தெரிந்தவற்றில் ஒன்று இன்றும் வியப்பாக இருக்கிறது. வீட்டில் எப்போதும் சொல்வது, “எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாய் கண்ணு, அதனால்தான் தலை வலிக்கிறது.” நானும் நம்பினேன். காலண்டரிலோ, வட்டம் போட்ட நாளுக்கு முந்தைய நாளெல்லாம் மதிப்பெண் 4, 3 என்று விழுந்திருந்தது. அந்த நாட்களில் கொட்டாவி மேல் கொட்டாவி, கழுத்து இறுக்கம், இனிப்பின்மேல் ஆசை. அந்த எரிச்சல் தலைவலிக்குக் காரணம் அன்று, தலைவலியின் முதல் கட்டமே அதுதான். மூளையின் அடியில் பசி, தூக்கம், உடல் வெப்பம் இவற்றை நடத்துகிற ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, வலி தொடங்குவதற்கு முந்தைய நாளே மாறுபடத் தொடங்கிவிடுகிறது. அது போலவே வலி போன மறுநாள் ஒரு மந்தம் இருக்கும். சொல்லைத் தேட வேண்டியிருக்கும், கூட்டல் தப்பும். ஆக, ஒரு நாள் தலைவலி என்பது கணக்கில் மூன்று நாள். 8 நாட்கள் வலித்தால் மாதத்தில் 8 நாட்கள்தான் போயிற்று என்று பிறர் நினைப்பதும், பாதி மாதம் காணாமல் போயிற்று என்று நமக்குத் தோன்றுவதும் இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மர்மமும் காலண்டரில்தான் அவிழ்ந்தது. ஆறு நாட்கள் ஐந்தரைக்கு எழுகிறவள் ஞாயிறு எட்டரை வரை தூங்குவேன். ஆறு மணி டீ ஒன்பதுக்குப் போகும். கறி வாங்கி வந்து சமைத்துச் சாப்பிட மதியம் ஒன்றாகும், அதுவரை காலைச் சாப்பாடு இல்லை. இவற்றோடு, வாரம் முழுக்க இழுத்துப் பிடித்த பரபரப்பு சட்டென்று தளர்வதும் ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும். நாலும் ஒரே காலையில் கூடினால் தலை என்ன செய்யும்? இப்போது ஞாயிறும் ஆறுக்கு எழுகிறேன், டீயும் இரண்டு இட்லியும் முடிந்தபின் வேண்டுமானால் மறுபடி சாய்கிறேன். இதனால் எல்லா ஞாயிறும் மீண்டுவிடவில்லை. மாதத்தில் இரண்டு மீண்டன.

படி 4: ‘ஒரு செட்’ மாத்திரையை எண்ணுங்கள்

எங்கள் பக்கத்தில் மருந்துக்கடைக்குப் போய், “தலைவலிக்கு ஒரு செட் கொடுங்கள் அண்ணா” என்றால் போதும். மூன்று நான்கு மாத்திரைகளைத் துண்டுக் காகிதத்தில் மடித்துத் தந்துவிடுவார்கள். பேர் இருக்காது, அளவு இருக்காது. நைட் ஷிப்ட் பார்ப்பவர், விசைத்தறி ஓட்டுபவர், லாரி ஓட்டுபவர் எல்லோருக்கும் அது கைவசம். என் கைப்பையில் எப்போதும் இரண்டு செட் இருந்தது.

வலி மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அளவுகள் தெளிவாக வரையறுக்கப்பட்டவை. ஏற்கெனவே தலைவலி நோய் உள்ளவர் பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேலாகப் போட்டால் மருந்து மிகைத் தலைவலி வரக்கூடும். ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள எர்கோட்டமைன், ட்ரிப்டான் வகைகள், பல மருந்துகள் கலந்த மாத்திரைகள் என்றால் மாதத்துக்கு 10 நாட்களே போதும். கலப்பு மாத்திரைகளில், டீயிலும் காபியிலும் உள்ள கேஃபீனும் இருப்பதுண்டு. காலண்டரில் என் ‘மா’ எழுத்துகளை எண்ணினேன்: ஒரு மாதத்தில் 17. சிரிப்பு போயிற்று.

செய்ய வேண்டியது இது. இனி செட் வாங்காதீர்கள். அட்டையோடு, பேரோடு வாங்குங்கள், எதை எத்தனை போட்டோம் என்று அப்போதுதான் தெரியும். வலிக்கும்போது போடும் அவசர மாத்திரையை வாரத்துக்கு இரண்டு நாட்களுக்குள் நிறுத்துங்கள். போடும் நாளில், வலி ஆரம்பத்திலேயே டாக்டர் சொன்ன முழு அளவைப் போடுங்கள். ஒற்றைத் தலைவலியின்போது வயிறு மந்தமாகிவிடுவதால் தாமதித்துப் போட்ட மாத்திரை சரியாக ஏறாது. குமட்டலுக்கும் சேர்த்து மருந்து தருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே அளவு மீறிப் போய்விட்டிருந்தால் தானாக ஒரே நாளில் நிறுத்தத் துணிய வேண்டாம், டாக்டரிடம் போங்கள். நிறுத்தும்போது 2 முதல் 10 நாட்கள் வரை தலைவலி கூடும், தூக்கம் கெடும், படபடப்பு வரும். அந்த நாட்களை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நான் தீபாவளிக்குக் கம்பெனி விடுமுறை விட்ட வாரத்தை எடுத்துக்கொண்டேன். வெடிச் சத்தத்துக்கு நடுவே அதைச் செய்தது மடத்தனம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். பொங்கலுக்கு வையுங்கள்.

படி 5: மனதைத் தனியாகப் பாருங்கள்

தலைவலி இருப்பவருக்கு மனம் சோர்வது இயல்புதானே என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், டாக்டர்கள் உட்பட. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. நாள்பட்டதாகிவிட்டால் இன்னும் கூடும். இது இரு வழிப் பாதை. தலைவலி மனச்சோர்வைக் கொண்டுவரும், மனச்சோர்வு தலைவலியை அடிக்கடி வரவழைக்கும். மூளையில் செரட்டோனின் போன்ற சில பொருட்கள் இரண்டிலும் பங்கெடுக்கின்றன. ‘மனதைத் திடமாக வைத்துக்கொள்’ என்ற அறிவுரை இங்கே எடுபடாது.

பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வலி இல்லாத நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள். கடந்த 2 வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மனம் தாழ்ந்தே இருந்ததா? முன்பு பிடித்தவற்றில் இப்போது நாட்டமே இல்லாமல் போயிற்றா? வலி விட்ட நாளில் மதிப்பெண் 7-க்கு ஏறினால் அது பெரும்பாலும் தலைவலியின் நிழல். வலி விட்ட நாளிலும் 3-லேயே கிடந்தால், மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) பூவோடு என்ற தீச்சட்டி எடுப்பதைப் பார்க்கக்கூடப் போகத் தோன்றவில்லை என்றால், அதற்குத் தனி வைத்தியம் வேண்டும். இரவு உறங்காமல் ‘இருந்து என்ன பயன்’ என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது பேசிவிட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம், நேரம் பார்க்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது.

மருந்துச் சீட்டில் உள்ள பெயர்களையும் மனநிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைவலியைத் தடுக்கத் தினமும் போடும் மருந்துகள் சில, மனதைத் தொடுகிறவை. ஃப்ளூனரிசின் சிலருக்கு எடையைக் கூட்டும், மனச்சோர்வையும் உண்டாக்கும், முன்பு மனச்சோர்வு வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். டோபிராமேட் விரல் நுனியில் கூச்சம் தரும், சொல் வாயில் வராமல் இழுக்கும். படிக்கிறவர்கள் ‘எனக்கு மண்டை மழுங்கிவிட்டது’ என்று கலங்குவதற்கு மருந்துகூடக் காரணமாக இருக்கலாம். ப்ரோப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. வால்ப்ரோயேட்டும் டோபிராமேட்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை என்பதால் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

அமிட்ரிப்டிலின் எனக்கு எழுதித் தரப்பட்டபோது, மருந்துக்கடையில் இருந்தவர் சத்தமாக, “இது மன நோய்க்குப் போடுவதாயிற்றே?” என்றார். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சீட்டை மடித்துக்கொண்டு வந்தவள் 5 மாதம் அதை வாங்கவே இல்லை. குறைந்த அளவில் அது தலைவலியைத் தடுக்கப் பல ஆண்டுகளாகப் பயன்படும் மருந்து. மனச்சோர்வுக்கே தந்திருந்தாலும்தான் என்ன? அந்த 5 மாதத்தில் ஒரு பருவத் தேர்வு போயிற்று. தடுப்பு மருந்து எதுவானாலும் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும், பத்தாம் நாள் ‘இது கேட்கவில்லை’ என்று விட்டுவிடக் கூடாது.

படி 6: திட்டத்தை மூன்று அளவில் தையுங்கள்

பனியனுக்கு எஸ், எம், எல் என்று அளவு வைப்பதுபோல நம் நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா சொன்ன யோசனை. அவருக்கும் விடாத தலைவலி. பவர் டேபிள் என்ற மின் தையல் மெஷினில் தைக்கக் கற்றுக்கொண்டு டெய்லராக வேண்டும் என்று ஆசை. டெய்லர் கூலி செக்கிங் கூலியைவிட அதிகம்.

எல் என்பது தெளிந்த நாள். எனக்கு அது 2 மணி நேரக் கணக்குப் பயிற்சி, அவருக்கு மெஷினில் உட்கார்ந்து தைப்பது. எம் என்பது வலி வரும் முன்னும் போன பின்னும் உள்ள மந்த நாள். புதிதாக எதையும் கற்க முடியாது, ஆனால் பழையதைப் புரட்டலாம். நான் போட்ட கணக்கையே பார்த்து எழுதுவேன். அவர் வெட்டுத் துணியில் நேர்த்தையல் மட்டும் போட்டுப் பழகுவார். எஸ் என்பது வட்டம் போட்ட நாள். அன்றைய வேலை படுத்துக்கொள்வது. நாளை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு வரியைத் தாளில் எழுதி வைத்துவிட்டால் அன்றைய கடன் தீர்ந்தது. எழுத முடியாவிட்டால் அதுவும் வேண்டாம். எஸ் நாளில் குற்றவுணர்ச்சிக்கு இடமில்லை என்று அந்த அக்கா கண்டிப்பாகச் சொல்வார், ஏனென்றால் எஸ் அளவும் பனியன்தான், தள்ளுபடித் துணி இல்லை.

இந்த மூன்று அளவையும் தெளிந்த நாளிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். வலிக்கும்போது முடிவெடுக்கும் வேலை தலைக்கு இருக்கவே கூடாது.

பிறகு கையிருப்பை எண்ணுங்கள். என் கணக்கு இப்படி இருந்தது: மாதம் 30 நாட்களில் வலி 9, மந்தம் 8, மிச்சம் 13. அந்தப் பதின்மூன்றில் வேலை, வீடு, கல்யாணம் காட்சி எல்லாம் போக, எல் அளவு நாட்கள் 6 கிடைக்கும். ஒரு பருவத்துக்கு எல்லாத் தாளும் எழுதுவது 6 நாளில் ஆகிற காரியமா? இரண்டு தாள் ஆகும். திட்டத்தைக் குறைத்தபோது தோற்றுவிட்டதுபோல ஒரு நாள் அழுதேன். ஆனால் ‘ப’ எழுத்துகள் குறைய ஆரம்பித்தது அந்த மாதத்திலிருந்துதான். செய்யக்கூடிய அளவு வேலைக்கு முன்னால் பயம் அவ்வளவாக எழுவதில்லை.

இன்னொன்றும் செய்தேன். எப்போதும் வேலையை ஒரு பத்தியின் நடுவிலோ கணக்கின் நடுவிலோ நிறுத்துகிறேன். என் தம்பி பல்லடத்தில் தறி குடோனில் இருக்கிறான். பாவு இழை ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டு அதே இடத்திலிருந்து ஓட்டுவான், யாரும் பாவைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து கட்டுவதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு தலைவலிக்குப் பிறகும் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தேன். முதல் அத்தியாயம் எனக்கு மனப்பாடம்.

தேர்வு, நேர்காணல் போன்ற தேதி குறித்த காரியங்களுக்கு முன்னேற்பாடு வேறு. அந்த வாரம் தூக்கத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் அசைக்காதீர்கள், அவசர மாத்திரையை எந்தக் கட்டத்தில் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். தேர்வு முடிந்த மறுநாளுக்கு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பரபரப்பு தளரும் அந்த நாள்தான் தலைவலிக்குப் பிடித்த நாள்.

படி 7: அன்றாடத்தில் சில மாற்றங்கள்

இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் எங்கள் பக்கத்துக்கு உரியதை மட்டும் சொல்கிறேன். கம்பெனிகளில் 11 மணிக்கும் 4 மணிக்கும் டீ வரும். ஒன்றரை ஷிப்ட் என்றால் இன்னொன்று. தினம் ஐந்து டீ குடித்துவிட்டு விடுமுறையில் ஒன்று மட்டும் குடித்தால் கேஃபீன் கிடைக்காததாலேயே தலைவலி வரும். டீயைக் குறைப்பதானால் வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்குத் தூசியும் சேர்ந்தால் வண்டியில் போகும்போது கண்ணாடி அணிவது உதவும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்கள் வெறும் வயிற்றோடு வெயிலில் நடக்காமல், விடியலுக்கு முன்னும் மாலையிலும் நடந்து, கம்மங்கூழோ மோரோ கையில் வைத்துக்கொள்ளலாம். விரதத்தை முருகன் மன்னிப்பார், தலை மன்னிக்காது. மற்றபடி வாரத்தில் சில நாட்கள் அரை மணி நேர நடை, ஒரே நேரத்துத் தூக்கம், இவ்வளவுதான்.

படி 8: சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிடுங்கள்

தலைவலி வெளியே தெரியாத நோய். காலில் கட்டுப் போட்டிருந்தால் உட்கார நாற்காலி தருகிற அதே சூப்பர்வைசர், தலைவலி என்றால் முகத்தைத் திருப்புவார். வலிக்கும்போது சொன்னால் சாக்கு என்று தோன்றும். தெளிந்த நாளில், காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நான் எங்கள் மேலாளரிடம் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கு ஒற்றைத் தலைவலி இருக்கிறதுங்க சார். மாதத்தில் இரண்டு நாள் கட்டாயம் படுக்க வேண்டியிருக்கும். அந்த வாரச் சம்பளக் கணக்கை வெள்ளியே முடித்துவிடுகிறேன். என் மேசைக்கு மேல் உள்ள டியூப் லைட் மின்னுகிறது, அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.” லைட் மாறியது. கேட்காமல் இருந்தது 6 ஆண்டுகள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் பலருக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கும். ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தந்தால், போதிய நாட்கள் சந்தா கட்டியிருப்பவர்களுக்கு நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். இதை அறியாமல் சம்பளம் பிடித்தம் என்று வலியோடு வந்து உட்காருபவர்கள் எத்தனையோ பேர்.

வீட்டில் சொல்வது இதைவிடக் கடினம். மாமியாரிடம் நோயை விளக்க முயன்று நான் தோற்றேன். வேலையைப் பிரித்துச் சொன்னதும் எளிதாகிவிட்டது: “அத்தை, அறைக் கதவு சாத்தியிருந்தால் குழந்தையை இரண்டு மணி நேரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் சந்தகை (இடியாப்பம் போன்றது) நான் பிழிகிறேன்.” அவருக்கு வேண்டியிருந்ததும் கணக்குத்தான் போலும்.

படி 9: மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டிப் பாருங்கள்

தலைவலி எவ்வளவு முடக்குகிறது என்று அளக்க மிடாஸ் என்ற ஐந்து கேள்விக் கணக்கு டாக்டர்களிடம் உண்டு. கடந்த 3 மாதத்தில் வேலைக்கோ படிப்புக்கோ போகாத நாட்கள், போயும் பாதிக்கு மேல் செய்ய முடியாத நாட்கள், வீட்டு வேலை செய்யாத நாட்கள், அதுவும் பாதிக்குமேல் குறைந்த நாட்கள், விசேஷங்களுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகாமல் விட்ட நாட்கள் ஐந்தையும் கூட்ட வேண்டும். 5 வரை பெரிய பாதிப்பில்லை, 10 வரை லேசு, 20 வரை நடுத்தரம், 21-லிருந்து கடுமை. முதல்முறை எனக்கு 38 வந்தது.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் நமக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. அங்கே போனாலும் வேறெங்கே போனாலும் காலண்டரை அப்படியே கழற்றிக்கொண்டு போங்கள். ‘அடிக்கடி வலிக்கிறது’ என்று சொல்வதற்குப் பதில், “மாதம் 14 நாள், அதில் 5 நாள் படுத்துவிடுகிறேன், மாத்திரை 17 நாள், காலை மனநிலை 4” என்று சொல்லிப் பாருங்கள், டாக்டர் பேனாவை எடுத்துக்கொள்வார். தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவும் கேட்டுக்கொள்ள வேண்டியது: வலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் அது வெற்றி. முழுக்க ஒழிய வேண்டும் என்று காத்திருந்த எனக்கு இது முதலில் ஏமாற்றமாக இருந்தது.

சென்ற மூன்று மாதங்களில் என் புள்ளிகள் 11, 9, 7. ‘மா’ ஆறைத் தாண்டவில்லை. ‘ப’ மொத்தம் மூன்று. மிடாஸ் கூட்டல் 16-க்கு வந்திருக்கிறது. எம்.காமில் இன்னும் 5 தாள் பாக்கி, வருகிற பருவத்துக்கு இரண்டுக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.